விரால் குஞ்சுக்கு ஆலம் சுற்றிய கதை

மீன் பேசுவது மனிதருக்கும், மனிதர் பேசுவது மீனுக்கும் விளங்கிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், கூத்தங்கண்மாயில் துள்ளையன் என்றொரு விரால் இருந்தான். ஓரிடத்தில் நிற்காதவன். மடையருகே அவனைப் பார்த்ததாக ஒரு கெண்டை சொல்லி முடிப்பதற்குள் மிகைநீர் வழிந்தோடும் மறுகாலில் அவன் வாலடிக்கும் சத்தம் கேட்கும். கல்யாணத்தன்று மாப்பிள்ளையைத் தேடிக் கண்மாயை மூன்று சுற்றுச் சுற்றினார்கள் என்று சொல்வதுண்டு. ஏழு சுற்று என்பவர்களும் இருக்கிறார்கள். தேடினார்கள் என்பதில் மட்டும் யாருக்கும் மாறுபாடு இல்லை.

அந்நாளில் மீன்களுக்குப் பிள்ளை வளர்க்கும் வழக்கமே கிடையாது. ஐப்பசியில் முதல் மழை விழுந்து புதுத்தண்ணீர் வந்ததும் எல்லா மீனும் ஆழத்தை விட்டுக் கரையோரத்து மேட்டுத் தண்ணீருக்கு ஏறும், முட்டையிடும், போய்விடும். பிழைத்தது பிழைத்தது, போனது போனது. மற்ற மீன்களுக்கு இது ஒருவாறு சரிப்பட்டு வந்தது. அவற்றின் முட்டைகள் புல்லில் ஒட்டிக்கொள்ளும், சேற்றில் படிந்துகொள்ளும். விரால் முட்டையோ மிதக்கும். நல்லெண்ணெய் சிந்தியதுபோல, யார் வேண்டுமானாலும் தின்றுவிட்டுப் போங்கள் என்று பளபளத்துக்கொண்டு மிதக்கும்.

துள்ளையனின் மனைவி மடுவாயி இதில் அடிபட்டவள். போன ஐப்பசியில் அவள் இட்ட முட்டைகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அதற்கு முந்திய ஐப்பசியிலும் அப்படியே. ஆகவே இந்தத் தடவை முதல் தூறல் விழுந்ததுமே, கணவன் எதிர்ப்படும் இடத்தைக் கணித்து அங்கே போய்க் குறுக்கே நின்றுகொண்டாள்.

"இந்தாருங்க, இந்தப் புல்லையெல்லாம் கடிச்சு வட்டமா ஒதுக்கி விடுங்க."

"எதுக்கு?"

"முட்டை சிதறாம நடுவுல நிக்கும்."

"மறுகால் வரைக்கும் ஒரு நடை போயிட்டு வந்து ஒதுக்குறேனே."

"ஒதுக்கிட்டுப் போங்க. மறுகால் எங்கேயும் ஓடிடாது."

துள்ளையன் கோரையைக் கடித்தான், பாசியை வாலால் தள்ளினான். வேலை செய்து பழகாதவன் செய்த வேலைதான். ஆனாலும் வட்டம் வட்டமாகவே வந்தது, ஒரு பெரிய பானையின் வாய் அகலத்துக்கு. அதில் மடுவாயி முட்டையிட்டாள். பொன்னிறத் துளிகள் வட்டம் நிறைய மிதந்தன.

"எனக்குப் பசி கண்ணைக் கட்டுது," என்றாள் அவள். "ஒரு வாய் தின்னுட்டு வந்துடுறேன். அதுவரைக்கும் இங்கேயே நில்லுங்க."

"நிக்கிறதுன்னா?"

"நிக்கிறதுன்னா நிக்கிறது. நகராம."

"எவ்வளவு நேரம்?"

"அதான் சொன்னேனே, ஒரு வாய்."

அவள் போய்விட்டாள். பிறந்தது முதல் நின்றறியாத துள்ளையனுக்கு நிற்பது எப்படி என்றே தெரியவில்லை. வாலை நிறுத்தினால் தலை ஆடியது. தலையை நிறுத்தினால் வால் தன் போக்கில் கிளம்பப் பார்த்தது. இரண்டையும் ஒருசேர நிறுத்தியபோது உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கரையோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த ஒரு தவளை, இவனுக்கு உடம்புக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்துப் பக்கத்துத் தவளையைக் கூப்பிட்டுக் காட்டியது. உச்சிப்பொழுது வருவதற்குள் ஒருவிதமாக நிற்கக் கற்றுக்கொண்டான்: பக்கத்துடுப்பை மட்டும் விசிறிபோல மெல்ல அசைத்துக்கொண்டு, மற்றதெல்லாம் அசையாமல். இன்றும் விரால் அப்படித்தான் நிற்கிறது.

முட்டைத் துளிகளை அவன் அண்ணாந்து பார்த்தான். ஒவ்வொன்றின் உள்ளேயும் கடுகைவிடச் சிறிய ஒரு புள்ளி. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதில் ஒன்று அசைந்தது.

"அட," என்றான் துள்ளையன், தனக்குத்தானே.

அடுத்த நாள் காலையில் மழை ஓய்ந்து ஈசல் கிளம்பியது. முதல் மழைக்குப் பின் வரும் ஈசல் மீன்களுக்குக் கல்யாண விருந்துக்குச் சமம். கண்மாய் முழுவதும் ஒரே பரபரப்பு. அந்தக் கூட்டத்திலிருந்து பிரிந்து, முள்ளாண்டி என்ற கெளுத்தி மீசையை நீவிக்கொண்டு மெதுவாக வந்தான். மடுவாயியின் போன வருடத்து முட்டைகள் எங்கே போயின என்பது முள்ளாண்டியின் வயிற்றுக்குத் தெரியும்.

"மாப்பிள்ளை, இங்கேயா இருக்கீங்க? கரையோரம் ஈசல் மழையா கொட்டுது. உங்களைக் காணோமேன்னு எல்லாரும் கேக்குறாங்க."

"வீட்டுக்காரி வந்துடட்டும், மாமா."

"அவளும் அங்கேதான் நிக்கிறா. நீங்க போங்க. இதை நான் பார்த்துக்கிறேன்."

"எதைப் பார்த்துக்குவீங்க?"

"முட்டையைத்தான்."

"பார்க்கிறவர் எதுக்கு மாமா வாயைத் திறந்து வச்சுக்கிட்டே பேசுறீங்க?"

கெளுத்திக்கு வாய் எப்போதுமே அகலம்தான். அதை அவனால் ஒன்றும் செய்ய முடியாது. ஆனாலும் வட்டத்துக்குள் ஒரு மீசை நுழைந்தது. துள்ளையன் அதுவரை நின்ற நிற்பையெல்லாம் சேர்த்து ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்து முட்டினான். முள்ளாண்டி புரண்டு, சேற்றைக் கலக்கிக்கொண்டு, "நல்லதுக்குக் காலமில்லை" என்று சொல்லியபடி கோரைக்குப் பின்னால் போனான். போனவன் தூரமாகப் போகவில்லை.

விருந்து முடிந்தது. காற்றில் ஓர் ஈசல் இறகு மட்டும் மிதந்து வந்தது. துள்ளையன் அதைத் தின்றான். அதில் ருசி என்று சொல்ல எதுவும் இல்லை.

மறுநாள் விடிந்ததும், மூச்சு வாங்க மேலே போய்த் தலை நீட்டிவிட்டு வந்தான். விராலுக்கு அது கட்டாயம்; நீருக்குள் மட்டும் இருந்து அதற்கு மூச்சுப் போதாது. திரும்பி வந்து பார்த்தால் வட்டம் வெறுமையாக இருந்தது. பொன்துளி ஒன்றைக்கூடக் காணோம்.

துள்ளையன் மேலே தேடினான், கீழே தேடினான். கோரையை விலக்கிப் பார்த்தான். ஒரு மூச்சு நேரம்தான் போயிருந்தான், அதற்குள்ளாகவா? மடுவாயி வந்து கேட்டால் எந்த முகத்தைக் காட்டுவது?

"தவளையாரே, இங்கே யாரும் வந்தாங்களா? என் முட்டையைப் பார்த்தீங்களா?"

"முட்டையைப் பார்க்கலை," என்றது தவளை. "ஆனா உமக்குப் பின்னாடி என்னமோ ஒரு கூட்டம் வருது. நீர் திரும்புற பக்கமெல்லாம் அதுவும் திரும்புது."

துள்ளையன் வலப்பக்கம் சுழன்றான். கூட்டமும் சுழன்று பின்னாலேயே போயிற்று. இடப்பக்கம் சுழன்றான். அப்படியே. கடைசியில் அவன் அசையாமல் நின்றபோது, வயிற்றுக்கு அடியிலிருந்து கண்ணும் வாலுமாக ஒன்று எட்டிப் பார்த்தது. பிறகு பத்து. பிறகு வட்டம் கொள்ளாத அளவு. எத்தனை குஞ்சு என்பதை மேல்மடைக்காரர்கள் ஆயிரம் என்று சொல்லிவிடுவார்கள். கீழ்மடைக்காரர்கள் அதை ஒப்புவதில்லை. துள்ளையனே எண்ணத் தொடங்கி, நடுவில் சிரிப்பு வந்து விட்டுவிட்டான் என்பது அவர்கள் சொல்வது. எனக்கும் இதுதான் பொருத்தமாகப் படுகிறது.

மடுவாயி வரவில்லை. ஒரு வாய் என்றவள் எட்டு நாளாகியும் வரவில்லை. துள்ளையன் இரை தேடவில்லை. வாய்க்கு எட்டியதை மட்டும் தின்றான். வெயிலில் நின்று நின்று முதுகு கறுத்துப்போயிற்று. கோரைக்குப் பின்னால் முள்ளாண்டியின் மீசை தெரிவதும் மறைவதுமாக இருந்தது. குஞ்சுகளோ வளர்ந்தன, ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன, தகப்பனைப் பார்த்து மூச்சு வாங்கவும் கற்றுக்கொண்டன. அவன் மேலே போனால் எல்லாம் ஒருசேர மேலே போகும். அப்போது தண்ணீர்மேல் ஓரிடத்தில் மட்டும் பொடிப்பொடியாகத் தூறல் விழுவதுபோல இருக்கும்.

அந்தத் தூறலைத்தான் சிட்டாயி கண்டாள்.

சிட்டாயி கரையூர்க்காரி, ஊத்தா போடுவதில் கைதேர்ந்தவள். ஊத்தா என்பது அடி திறந்த மூங்கில் கூடை. முழங்கால் தண்ணீரில் மீனின்மேல் கவிழ்த்து அழுத்தினால் மீன் உள்ளே அகப்படும். மேலே உள்ள சிறிய வாய்வழியே கையை விட்டுப் பிடித்தெடுக்க வேண்டும். பத்து நாளைக்கு முன் அவள் மகள் பூமயிலுக்குப் பிள்ளை பிறந்திருந்தது. மகளுக்கு உடம்பு தேறப் பத்தியக் குழம்புக்கு ஒரு விரால் வேண்டும் என்று வந்தவள், வெளுத்த வானத்தையும் தூறுகிற தண்ணீரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஓசைப்படாமல் இறங்கினாள்.

நிழல் விழுந்ததைத் துள்ளையன் பார்த்தான். வாலை ஒரு தட்டுத் தட்டினால் போதும், ஆழத்துக்குப் போய்விடலாம். அந்தக் கண்மாயில் அவனை ஊத்தாவில் பிடித்தவர் யாரும் கிடையாது. துடுப்பைப் பார்த்தவர்கூடக் கிடையாது. வால் துடித்தது. ஆனால் வயிற்றுக்கு அடியில் ஒரு கூட்டம் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

அவன் நின்றான். ஊத்தா இறங்கியது.

சிட்டாயி மேல்வாய்வழியே கையை விட்டாள். துள்ளையன் முட்டினான். மறுபடி விட்டாள். மறுபடியும் முட்டினான்.

"என்ன அப்பு, பிடிபட்ட பிறகும் இவ்வளவு முறுக்கு?"

"ஆத்தா, கையைப் பார்த்து விடு. சின்னதுக நசுங்கிடும்."

அவள் குனிந்து பார்த்தாள். வெளியே இருந்த குஞ்சுகளெல்லாம் மூங்கில் இடுக்குகளின் வழியே நுழைந்து ஊத்தாவுக்குள் வந்துகொண்டிருந்தன. தப்பி ஓட வழி இருந்தும் ஓடாமல், அகப்பட்டுக்கொள்ள வந்த மீனைச் சிட்டாயி அதற்கு முன் பார்த்ததில்லை.

"இதெல்லாம் யாருது?"

"என்னுதுதான்."

"உன் பெண்சாதி எங்கே?"

"தின்னுட்டு வர்றேன்னு போனா."

"எப்ப?"

"ஈசல் வந்ததுக்கு முந்தின நாள்."

சிட்டாயிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஊத்தாவின்மேல் சாய்ந்துகொண்டே சிரித்தாள். "எங்க வீட்டிலேயும் ஒருத்தர் இருக்கார், அப்பு. சேவுகன்னு பேரு, என் மருமகன். பத்து நாளாச்சு, பெத்த பிள்ளையைத் தொடலை. கேட்டா, கை நடுங்குது, மூங்கிலைத் தூக்கச் சொல்லுங்க தூக்குறேன்கிறார். நீ கையே இல்லாம இத்தனையை வச்சுக்கிட்டு நிக்கிறே."

"எனக்கும் நிக்கத் தெரியாது ஆத்தா. அரை நாள் சாய்ஞ்சு சாய்ஞ்சுதான் வந்துச்சு."

சிட்டாயி கையை வெளியே எடுத்துவிட்டாள். பிறகு, "நான் விட்டுடுவேன்," என்றாள். "ஆனா நாளைக்கு இன்னொருத்தி ஊத்தாவோட வருவா. அவளுக்கு எப்படித் தெரியும்? எங்க வீட்டு வாசல்ல வேப்பிலை செருகியிருக்கு. பார்க்கிறவங்க உள்ளே பச்சைப்புள்ளை இருக்குன்னு தெரிஞ்சு ஒதுங்கிப் போவாங்க. தண்ணிக்குள்ளே வேப்பிலையை எங்கே செருகுறது?"

சிட்டாயி தன் கைகளைப் பார்த்தாள். தாயும் பிள்ளையும் குளிக்க அன்று காலை அவள் மஞ்சள் அரைத்திருந்தாள். ரேகைகளில் அது இன்னும் அப்பியிருந்தது. இடுப்புச் சுருக்குப்பையில் வெற்றிலைக்கான சுண்ணாம்பு இருந்தது. அதில் ஒரு விரல் எடுத்து, இரண்டு கையையும் தேய்த்து, ஊத்தாவின் வாய்வழியே தண்ணீருக்குள் விட்டு மூன்று தரம் சுற்றினாள்.

மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பது ஆரத்திக்கு ஆலம் கரைத்த எல்லாருக்கும் தெரியும். ஊத்தாவுக்குள் தண்ணீர் சிவந்தது. அதில் கலந்து நின்ற குஞ்சுகள் அத்தனையும் சிவந்தன. துள்ளையன் வெயிலில் கறுத்துப்போயிருந்ததால் அவன்மேல் மட்டும் சாயம் ஏறவில்லை.

"திருஷ்டியும் கழிஞ்சுது, அடையாளமும் ஆச்சு," என்றாள் சிட்டாயி. "இந்தச் சிவப்பு இருக்கிற வரைக்கும் உன்மேல யார் கையும் படாது. நான் ஊர்ல சொல்லிடுறேன்."

"சிவப்பு போன பிறகு?"

"ஆலச் சாயம் எத்தனை நாளைக்கு நிக்கும்? அதுவும் போகும், இதுகளும் தனக்குத்தானே பிழைக்கப் போயிடும். அப்புறம் என் சாமர்த்தியம் என்னோட, உன் சாமர்த்தியம் உன்னோட."

"அது நியாயம்," என்றான் துள்ளையன். "அப்ப நீ என்னைப் பார்க்கக்கூட முடியாது ஆத்தா."

"பார்ப்போம்."

அவள் ஊத்தாவின் ஓர் ஓரத்தைத் தூக்கினாள். துள்ளையன் வெளியேறினான், சிவப்புக் கூட்டம் அவன் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு வெளியேறியது. ஆனால் எட்டு நாளாகக் கோரைக்குப் பின்னால் காத்துக்கிடந்த ஒருவனுக்கு அது தெரியாது. கலங்கிய தண்ணீரில், தகப்பன் மாட்டிக்கொண்டான், குஞ்சுகள் உள்ளே தனியாக இருக்கின்றன என்று மட்டும் கணக்குப் போட்டு, தூக்கிய ஓரத்தின் வழியே முள்ளாண்டி தலைதெறிக்க உள்ளே நுழைந்தான். சிட்டாயி ஓரத்தை இறக்கிவிட்டாள்.

மேல்வாய் வழியே பார்த்தபோது மீசை தெரிந்தது.

"நீங்க யாரு?"

"உறவுக்காரன்," என்றான் முள்ளாண்டி உள்ளேயிருந்து. "பிள்ளைகளைப் பார்த்துக்கலாமேன்னு வந்தேன்."

"வாங்க, வாங்க. எங்க வீட்டிலேயும் ஒரு பிள்ளை இருக்கு. அதையும் ஒரு எட்டுப் பார்த்துடலாம்."

முள்ளுக்குப் பின்புறமாகப் பிடித்து அவனை எடுத்து ஓலைப்பறியில் போட்டுக்கொண்டாள். வழியில் அவன் நழுவித் தப்பினான் என்று முடிக்கிறவர்கள் உண்டு. கெளுத்தியிடம் இரக்கப்பட்டவர்கள் அப்படிச் சொல்லியிருக்க வேண்டும். குழம்பு கொதித்தது, பூமயில் இரண்டு கவளம் கூடுதலாகவே சாப்பிட்டாள் என்பதுதான் பெரும்பான்மை.

வீட்டில் நடந்ததை, வாய்க்கால் வழியே போய்ப் பார்த்துவிட்டு வந்த தவளை துள்ளையனிடம் சொன்னது. "அந்த அம்மா பறியை இறக்கி வச்சுது. மருமகனைக் கூப்பிட்டுது. கண்மாயில கையில்லாத ஒருத்தன் ஆயிரத்தைச் சுமந்துக்கிட்டு நிக்கிறான், நீங்க ரெண்டு கையை வச்சுக்கிட்டு ஒண்ணுக்கு நடுங்குறீங்களேன்னு சொல்லிட்டு, பிள்ளையைத் தூக்கி மடியில போட்டுடுச்சு."

"அவர் என்ன செஞ்சார்?"

"நீர் முத நாள் நின்னீரே, அதே மாதிரி ஒரு பக்கமா சாய்ஞ்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கார். பிள்ளை தூங்குது."

பன்னிரண்டாம் நாள் மடுவாயி வந்தாள். நன்றாகத் தின்று உருண்டிருந்தாள். ஈசல், அதன் பிறகு மண்புழு, அதன் பிறகு மறுகால் பக்கத்து அக்காமார் பேச்சு என்று நாள் ஓடிவிட்டது. வட்டம் இருந்த இடத்தைத் தேடி வந்தவள், கறுத்து மெலிந்த ஒரு விராலையும் அவனைச் சுற்றி நெருப்புத் துண்டுகள் போன்ற ஒரு கூட்டத்தையும் பார்த்து, இடம் மாறி வந்துவிட்டோம் என்று திரும்பப் பார்த்தாள்.

"எங்கே போறே?" என்றான் துள்ளையன்.

குரலைக் கேட்டதும்தான் அவளுக்குத் தெரிந்தது. அவனை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். இரண்டு ஐப்பசியாக ஒன்றுகூட மிஞ்சாதவளுக்கு, சிவப்புக் கூட்டத்தைப் பார்க்கப் பார்க்க அலுக்கவில்லை. இன்னொரு சுற்றும் வந்துதான் கேட்டாள்.

"இதுகளுக்கு யாருங்க சாயம் போட்டது?"

"அது பெரிய கதை. ஒரு வாய் தின்ன இவ்வளவு நேரமா?"

"பெரிய வாய்," என்றாள் மடுவாயி, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு. பிறகு நெருங்கி வந்து, "சரி, இனி நான் நிக்கிறேன். நீங்க மறுகால் வரைக்கும் ஒரு நடை போயிட்டு வாங்க. பன்னிரண்டு நாளாச்சே," என்றாள்.

துள்ளையன் கிளம்பினான். கோரை ஓரம் வரை போனான். அங்கிருந்து புதுத்தண்ணீர் மறுகாலில் விழும் இரைச்சல் கேட்டது. அவனுக்கு மிகவும் பிடித்த சத்தம் அது. கொஞ்சம் கேட்டான். திரும்பிவிட்டான்.

"என்னங்க, போகலையா?"

"இதுக உனக்குப் பழக்கமில்லை. இடப்பக்கம் திரும்பினா மூணு நாலு எப்பவும் பின்தங்கும். அதைப் பார்க்கணும்." அவன் தன் பழைய இடத்துக்கு வந்து, பக்கத்துடுப்பை விசிறிபோல அசைத்துக்கொண்டு நின்றான். "நீ வேணும்னா வெளியே சுத்தி வந்துக்கிட்டு இரு. யாராவது மீசையோட வந்தா சொல்லு."

சிட்டாயி சொன்னது ஊர் முழுவதும் பரவியது. கூத்தங்கண்மாயிலிருந்து மற்றக் கண்மாய்களுக்கும் போயிற்று. சிவப்பு மங்கிக் குஞ்சுகள் தகப்பனைப்போலக் கறுத்துப் பிரிந்துபோன நாளில் அவள் ஊத்தாவோடு வந்து நின்றதையும், துள்ளையன் அவள் காலுக்கு நடுவே புகுந்து வாலடித்துத் தண்ணீரை முகத்தில் தெளித்துவிட்டு மறுகாலுக்குப் போனதையும் தனிக்கதையாகச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அடுத்த ஐப்பசியில் முதல் தூறல் விழுந்தபோது மடுவாயி அவனைத் தேடவில்லை. அவன் முன்னதாகவே வந்து வட்டம் போட்டு வைத்திருந்தான்.

சிட்டாயி ஆலம் சுற்றிய ஐப்பசி தொடங்கித்தான் விரால் குஞ்சுகள் சிவந்து திரிகின்றன. அந்தச் சிவப்பு மங்கும்வரை கறுத்த தகப்பன் அவற்றை விட்டு நகர்வதில்லை. வெளுத்த வானத்தின் கீழே ஓரிடத்தில் மட்டும் தண்ணீர் தூறக் காண்கிறவர்கள் இன்றும் எட்டிப் பார்க்கிறார்கள். பார்த்துச் சிவப்பாக இருந்தால், தெருவில் கொட்டிக் கிடக்கும் ஆலத்தை மிதிக்காமல் ஒதுங்குவதுபோல ஒதுங்கி, ஊத்தாவைத் தோள் மாற்றிக்கொண்டு அடுத்த துறைக்கு நடக்கிறார்கள்.